அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி: திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் வீடு வாங்குறவங்களுக்கு

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள டோக்கன் போட்டுடுங்க, நாளைக்கு நகரி பார்ட்டி ஒண்ணு வருது, அவங்க பாத்தா முடிச்சிடுவாங்க." எங்க பக்கம் வீடு தேடுற யார கேட்டாலும் இந்த வார்த்தைய புரோக்கர் வாயில இருந்து கேட்டிருப்பாங்க. திருத்தணியில இருந்து சென்னைக்கு எலக்ட்ரிக் ட்ரெயின் இருக்கு, மெட்ராஸ்ல வாங்க முடியாதவங்க எல்லாம் இங்க வராங்க, போன வருஷம் ஒரு விலை சொன்ன வீட்டுக்கு இந்த வருஷம் வேற விலை. விலை ஏறுறது கூட பரவாயில்ல, ஏறுதேன்னு அவசரப்பட்டு பேப்பர பாக்காம பணத்த நீட்டுறோம் பாருங்க, அங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் அப்படி மாட்ட இருந்தாங்க, அத வச்சே சொல்றேன், உங்களுக்கு உதவும்.

வீடு 1200 சதுர அடி மனையில பழைய ஓட்டு வீட்ட இடிச்சு கட்டின மாடி வீடு, விலை 52 லட்சம். 30 வருஷத்துக்கு இசி (வில்லங்கச் சான்று) போட்டு பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. 1999ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பாகப்பிரிவினை பண்ணிக்கிட்டாங்க, அதுல அண்ணன் பங்கு இந்த வீடு, அவரோட பையன்தான் விக்கிறார். பட்டா அவர் பேர்ல, வீட்டு வரி அவர் பேர்ல, கரண்ட் பில் அவர் பேர்ல. இதுக்கு மேல என்ன வேணும்னு மாப்பிள்ளை 2 லட்சம் ரொக்கத்த எடுத்து வச்சிட்டார். நான்தான் ரெண்டு நாள் இருங்கன்னு புடிச்சு வச்சேன்.

ஏன்னா அந்த பாகப்பிரிவினை பத்திரத்துக்குள்ளயே ஒரு வரி இருந்துச்சு, "1958ம் வருஷத்திய செட்டில்மெண்ட் மூலம் பாத்தியப்பட்ட"ன்னு. சொத்த குடும்பத்துக்குள்ள எழுதி வச்ச அந்த 1958 பத்திரத்த யாருமே பாக்கல. இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதி 1960 ஏப்ரல் 1ம் தேதிதான் ஆந்திராவுல இருந்து சென்னை மாகாணத்துக்கு வந்துச்சு, அதுவரைக்கும் சித்தூர் ஜில்லா. அதனால அதுக்கு முன்னாடி எழுதின பத்திரம் நிறைய தெலுங்குலதான் இருக்கும். ஆன்லைன்ல இசி பொதுவா 1975ல இருந்துதான் கிடைக்கும், அதுக்கு முன்னாடி வேணும்னா ஆபீஸ்ல மனு போட்டு மேனுவலா தேடி எடுக்கணும். பேங்க்கும் 30 வருஷம் பாத்துட்டு விட்டுடும். தெலுங்கு பத்திரத்த ஓபினியன் எழுதுற வக்கீலே சில சமயம் படிக்காம தாண்டிடுறார், இது நான் கண்ணால பாத்தது.

நகல் போட்டு வாங்கி, எங்க தெருவுல இருக்குற பழைய பத்திரம் எழுதுறவர்கிட்ட கொண்டு போனோம். அவருக்கு எழுபது வயசுக்கு மேல, தெலுங்கு கையெழுத்து தண்ணி பட்ட பாடு. கண்ணாடிய துணியில துடைச்சு போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வச்சு படிச்சிட்டே வந்தவர் ரெண்டாவது பக்கத்துல நிறுத்திட்டார். "இக்கட சூடுப்பா"ன்னு சொல்லி வாய்விட்டு படிச்சார். பத்திரம் எழுதினவரோட பொண்டாட்டி ஜீவிதாந்தம் (உயிரோட இருக்குற வரைக்கும்) அனுபவிச்சுக்கணும், அவளுக்கு அப்புறம் "இத்தரு கொடுகுலு, ஒக்க கூத்துரு, சமபாகமு." ரெண்டு பையன், ஒரு பொண்ணு, மூணு பேருக்கும் சம பங்கு. அந்த பொண்ண ஆந்திரா பக்கம் புத்தூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க, அம்மா செத்தப்புறம் 1999ல அண்ணன் தம்பி மட்டும் உக்காந்து ரெண்டா பிரிச்சுக்கிட்டாங்க. விக்கிறவருக்கு அத்தையான அந்த பொண்ணோட புள்ளைங்க இன்னிக்கும் புத்தூர்ல இருக்காங்க, மூணுல ஒரு பங்கு அவங்களது. சீர் செஞ்சு அனுப்பியாச்சுன்னு விக்கிறவர் சொன்னார், சீர் செஞ்சதால பத்திரத்துல எழுதின பங்கு போயிடாது. அந்த புள்ளைங்க எல்லாரும் எங்க பங்க விட்டுக் குடுக்குறோம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கணும், இல்லன்னா கிரயப் பத்திரத்துல கையெழுத்து போடணும்னு எங்க வக்கீல் சொன்னார். விக்கிறவர் முடியாதுன்னுட்டார். பதினஞ்சு நாள்ல வேற ஒரு குடும்பம் வாங்கிடுச்சு. அவங்கள நெனச்சா எனக்கு இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

பதிவு ஆயிடுச்சுன்னா பத்திரம் சரியாத்தான் இருக்கும்னு நம்புறவங்க நிறைய பேர். அப்படி இல்ல. சப் ரிஜிஸ்ட்ராருக்கு விக்கிறவருக்கு உரிமை இருக்கா இல்லயான்னு தீர்மானிக்குற அதிகாரம் கிடையாதுன்னு 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, தமிழ்நாட்டு பதிவு விதி ஒண்ண அதுக்காகவே ரத்தும் பண்ணிச்சு. அதனால டைட்டில பாக்குறது முழுக்க நம்ம வேலை. நம்ம காசுல நம்ம வக்கீல வச்சு பாருங்க, பேங்க் வக்கீல் பேங்க்குக்காக பாக்குறார். மைனர் பங்கு இருந்தா கோர்ட் அனுமதி ஆர்டர் இருக்கான்னு கேளுங்க, பவர் வச்சு விக்கிறாங்கன்னா பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரா, ரத்து பண்ணலயான்னு பாருங்க. வெறும் பவர் பத்திரத்த கைமாத்தி "வித்தாச்சு"ன்னு சொல்ற கதை செல்லாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. ஒரிஜினல கையில வாங்கி பாக்காம விடாதீங்க, ஜெராக்ஸ் வேணாம். எங்க ஊர்ல தறிக்காரங்க அவசரத்துக்கு பத்திரத்த பைனான்ஸ்காரர்கிட்ட வச்சு கடன் வாங்குறது சகஜம், பதிவு பண்ணாம வச்சது இசியில வராது.

மனையா வாங்கி கட்டுறதுன்னா "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு"ன்னு சொன்னா ஏமாறாதீங்க. லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வேணும், இல்லன்னா 2017 விதிப்படி வரன்முறை பண்ணின ஆர்டர் வேணும், அதுவும் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட லேஅவுட்டுக்குத்தான். சர்வேயர வச்சு அளந்து எஃப்எம்பிங்கிற அரசாங்க நில அளவை வரைபடத்தோட ஒத்துப் பாருங்க, வழிப்பாதை யார் பேர்ல இருக்குன்னும் கேளுங்க.

இப்ப காசு கணக்கு. வீடு 52 லட்சம், பேங்க் 80 சதவீதம் தரும், நம்ம கைல 10 லட்சம் 40 ஆயிரம் இருந்தா போதும்னு தங்கச்சி கணக்கு போட்டு வச்சிருந்தா. விலை வேகமா ஏறுற எடத்துல பேங்க் வேல்யூவர் போடுற மதிப்பு பெரும்பாலும் ஒரு படி கீழதான் நிக்கும். அவர் போட்டது 44 லட்சம், அதுல 80 சதவீதம் 35 லட்சம் 20 ஆயிரம், மிச்சம் 16 லட்சம் 80 ஆயிரம் நம்ம பாக்கெட்ல இருந்து போகணும். அதோட முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 52 லட்சத்துக்கு 4 லட்சம் 68 ஆயிரம், இதுக்கு பேங்க் லோன்ல எடம் கிடையாது. கூட்டிப் பாத்தா 21 லட்சம் 48 ஆயிரம், நெனச்சதுக்கு ரெண்டு மடங்கு! அட்வான்ஸ் குடுத்த பிறகு இது தெரிஞ்சா என்ன பண்றது, வட்டிக்கு வாங்கணும், இல்லன்னா அட்வான்ஸ விடணும். அதனால மொதல்ல லோன் சேங்ஷனும் மதிப்பீடும், அப்புறம்தான் அட்வான்ஸ்.

ஈஎம்ஐயும் இன்னிக்கு வட்டிய வச்சு மட்டும் பாக்காதீங்க. 35 லட்சத்துக்கு 20 வருஷம், 8.5 சதவீதம்னா மாசம் 30,400 கிட்ட, 9.5 ஆனா 32,600. ரிசர்வ் பேங்க் ரெப்போ ரேட் (பேங்க்குங்களுக்கு அது கடன் குடுக்குற வட்டி) 2022 மே மாசம் ஆரம்பத்துல 4 சதவீதம், 2023 பிப்ரவரியில 6.5, ஒரு வருஷம் கூட ஆகல. அப்ப பல பேருக்கு ஈஎம்ஐ ஏறாம தவணை வருஷம்தான் நீண்டுச்சு, அவங்களுக்கே தெரியாம.

அடுத்தது ரொக்கம். "பாதி வெள்ளை பாதி கேஷ்"னு கேப்பாங்க. சொத்து விஷயத்துல 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். நமக்கு என்ன நஷ்டம்னா, பத்திரத்துல கம்மியா காட்டினா லோன் கம்மி, நாளைக்கு நாம விக்கும்போது லாபம் பெருசா தெரிஞ்சு வரி கூட, அதுக்கும் மேல விக்கிறவர் ஏமாத்திட்டா அந்த ரொக்கத்துக்கு ஆதாரமே இல்ல. 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா குடுத்தேன்னு வழக்கு போட்டா கோர்ட்டே வருமான வரித்துறைக்கு தெரியப்படுத்தணும்னு 2025ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு.

50 லட்சமும் அதுக்கு மேலயும் உள்ள சொத்துன்னா விக்கிறவருக்கு குடுக்குற பணத்துல 1 சதவீதம் வரி (டிடிஎஸ்) புடிச்சு நாமதான் கட்டணும், இத மறந்தா வட்டியும் அபராதமும் நம்ம தலையில. விக்கிறவர் குவைத்துலயோ அமெரிக்காவுலயோ இருக்கார்னா இந்த 1 சதவீத கணக்கு பொருந்தாது, 50 லட்சம் வரம்பும் கிடையாது, புடிக்க வேண்டியது ரொம்ப அதிகம். எல்லை பக்கம் வெளிநாட்டுல இருக்குறவங்க சொத்து நிறைய விலைக்கு வருது, ஆடிட்டர கேக்காம ஒரு பைசா அனுப்பாதீங்க.

அக்ரிமெண்ட் விஷயம் கொஞ்சம் பொறுமையா படிங்க. விலை ஏறும்போது விக்கிறவர் மனசும் மாறும், மூணு மாசம் கழிச்சு "இன்னும் 5 லட்சம் குடுங்க"ம்பார். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய அக்ரிமெண்ட்ட பதிவு பண்றது கட்டாயம், ஆனா செலவு மிச்சம்னு பதிவு பண்ணாம வெறும் பத்திரத்தாள்லயே எழுதி முடிச்சிடுறாங்க. பதிவு பண்ணா அது இசியில ஏறும், அதே வீட்ட வேற ஒருத்தர் வாங்க வந்தா அவருக்கு தெரிஞ்சிடும், அவர் "எனக்கு தெரியாது"ன்னு தப்பிக்க முடியாது. இந்த ஒரு பாதுகாப்புக்காகவே பதிவு பண்ணலாம். அதுல எல்லா பங்குதாரரும் கையெழுத்து போடணும், முடிக்கிற தேதி வேணும், டைட்டில்ல குறை வந்தாலோ லோன் கிடைக்கலன்னாலோ அட்வான்ஸ் முழுசா திரும்ப வரணும்னு தெளிவா எழுதணும். விக்கிறவர் இழுத்தடிச்சா சும்மா போன் பண்ணிட்டே இருக்காதீங்க, வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்க, பணம் தயாரா இருந்துச்சுன்னு காட்ட சேங்ஷன் லெட்டரும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் பத்திரமா வைங்க. வழக்குன்னா மூணு வருஷத்துக்குள்ள போடணும், அதுலயும் நீங்க கடைசி வரைக்கும் தயாரா இருந்தீங்களான்னுதான் கோர்ட் மொதல்ல பாக்கும்.

கட்டிட்டு இருக்குற பிளாட்டுன்னா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இல்லாம பேசாதீங்க, 500 சதுர மீட்டருக்கு மேல நிலமோ எட்டு வீட்டுக்கு மேலயோ இருந்தா பதிவு கட்டாயம். பதிவு பண்ணின அக்ரிமெண்ட் போடாம விலையில 10 சதவீதத்துக்கு மேல பில்டர் வாங்கக் கூடாது.

விலை கம்மின்னு எல்லை தாண்டி ஆந்திராவுல நகரி, புத்தூர் பக்கம் வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். அங்க டி பட்டா, டிகேடி பட்டான்னு சொன்னா அது அரசாங்கம் ஏழைகளுக்கு குடுத்த நிலம், 1977 சட்டப்படி கைமாத்த பொதுவா தடை இருக்கு. சர்வே நம்பர் 22-ஏ லிஸ்ட்ல (பதிவு பண்ண தடை இருக்குற சொத்து லிஸ்ட்) இருக்கான்னு பாத்துட்டுதான் மேல பேசணும், நில உரிமைய காட்டுற 1-பியும் அனுபவத்த காட்டுற அடங்கலும் கேளுங்க.

தங்கச்சி அப்புறம் ரெண்டு தெரு தள்ளி வேற வீடு வாங்கினா, மூணு லட்சம் கூட ஆச்சு. 1961ல இருந்து எல்லா பத்திரமும் தமிழ்தான், இருந்தும் அந்த பெரியவர்கிட்ட குடுத்து மொத்தத்தையும் படிக்க வச்சோம். பதிவு முடிஞ்ச மறுவாரமே பட்டா மாறுதல், வீட்டு வரி, கரண்ட் இணைப்பு பேர் மாத்தம் மூணுக்கும் எழுதிக் குடுத்தாச்சு, ஒரு மாசம் கழிச்சு புதுசா இசி போட்டு அவ பேர் ஏறிருக்கான்னும் பாத்தோம். பேங்க்ல ஒப்படைச்ச ஒரிஜினல் எது எதுன்னு லிஸ்ட் எழுதி சீல் வச்சு வாங்கி வச்சிருக்கா. லோன் முடிஞ்சா 30 நாளைக்குள்ள அவங்க அத திருப்பித் தரணும், அவங்க தப்பால லேட்டானா நாளைக்கு 5,000 ரூபா நமக்கு குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு 2023 டிசம்பர்ல இருந்து இருக்கு, அந்த லிஸ்ட் இருந்தாத்தான் அத கேக்க முடியும்.