வட்டார ஏற்றத்தாழ்வை அளப்பது எப்படி: எண்களைத் தேர்வதிலிருந்து காரணம் தேடுவது வரை

வளரும் நாடு ஒன்றில் முன்னேறிய வட்டாரத்துக்கும் பின்தங்கிய வட்டாரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, அது கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லச் சூத்திரங்கள் தயாராகவே இருக்கின்றன. எக்செல் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். கணக்கு கோணலாவது பெரும்பாலும் சூத்திரத்தால் அல்ல, அதற்குள் கொட்டும் எண்களால். அதனால் முதலில் எண்கள்.

எதை அளக்கிறோம்?

வட்டார உற்பத்தி, வட்டார மக்களின் வருமானம், குடும்பச் செலவு என்ற மூன்றும் வெவ்வேறு. முதலாவது, அந்த எல்லைக்குள் எவ்வளவு மதிப்பு உருவானது என்று சொல்கிறது. அது அங்கே வசிப்பவர் கைக்கு வந்ததா என்று சொல்லாது. மெக்சிகோவின் கம்பேச்சே மாநிலம் தனிநபர் உற்பத்தியில் நெடுங்காலம் நாட்டின் உச்சியில் நின்றது. கடலில் எடுக்கும் எண்ணெய் அதன் கணக்கில் விழுவதுதான் காரணம். அங்குள்ள குடும்பங்களின் நிலையில் அந்த உச்சியைக் காண முடியாது. கஜகஸ்தானின் அத்திராவ், இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் ஆகியவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். கேரளத்தில் நிலைமை தலைகீழ்: வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மாநில உற்பத்தியில் சேராது, குடும்பச் செலவில்தான் தலைகாட்டும்.

தொழில், வேலைவாய்ப்பு, வரித்தளம் பற்றிய கேள்வி என்றால் உற்பத்தியை எடுங்கள். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது கேள்வியானால் செலவுக் கணக்கெடுப்பை எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது; இரண்டும் ஒத்துப்போகாத வட்டாரங்களில்தான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கும்.

செலவுக் கணக்கெடுப்பை மாவட்ட அளவுக்கு இறக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். இந்தியாவின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு சுமார் 2.6 லட்சம் குடும்பங்களைச் சந்தித்தது. பெரிய எண்தான். ஆனால் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் ஒரு மாவட்டத்துக்குச் சில நூறு குடும்பங்கள்தான் தேறும், அதிலும் கிராமம் ஒரு பகுதி, நகரம் ஒரு பகுதி. அந்தச் சராசரியை வைத்து 212ஆம் இடம், 240ஆம் இடம் என்று தரவரிசை போட்டால் மாதிரிப் பிழையைத்தான் (சிலரை மட்டும் கேட்டு எல்லாரையும் மதிப்பிடுவதால் வரும் பிழை) வரிசைப்படுத்துகிறோம். அருகருகே உள்ள மாவட்டங்களை ஐந்தாறாகச் சேர்த்து மண்டலமாக்குங்கள். மதிப்பீட்டோடு அதன் பிழை வரம்பையும் போடுங்கள்.

மாவட்ட உற்பத்தி எண்ணிலும் ஒரு பொறி உண்டு. ரயில்வே, வங்கி, தொலைத்தொடர்பு போன்ற துறைகளின் மதிப்பை நாட்டு அளவிலோ மாநில அளவிலோ கணக்கிட்டு, ஏதாவது ஒரு குறியீட்டின்படி கீழே பங்கு பிரித்துக் கொடுப்பது வழக்கம். தொழிலாளர் எண்ணிக்கைப்படி பிரித்தால் எல்லா மாவட்டத் தொழிலாளிக்கும் ஒரே உற்பத்தித்திறன் என்று ஆகிவிடும். உண்மையான இடைவெளி அங்கேயே மழுங்கிப்போகும். எந்தத் துறை நேரடியாக அளக்கப்பட்டது, எது பங்கு பிரிக்கப்பட்டது என்று முறைக்குறிப்பைப் படித்து, தாளில் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் தாண்டிப்போகும் வேலை இது.

வகுக்கும் எண்

தனிநபர் எண்ணில் பாதிப் பிழை கீழே இருக்கும் மக்கள்தொகையால் வருகிறது. சீனாவில் பல மாகாணங்கள் பல ஆண்டுகள், அங்கே குடியிருப்புப் பதிவு உள்ள மக்களை மட்டும் வைத்து வகுத்தன. குவாங்டோங்கின் தொழிற்சாலைகளில் வேலை செய்த வெளிமாகாணத்தவரின் உற்பத்தி மேலே சேர்ந்தது, அவர்களின் தலைகள் கீழே சேரவில்லை. கடலோர மாகாணங்கள் இருந்ததைவிடப் பணக்கார மாகாணங்களாகவும், ஆட்களை அனுப்பிய உள்நாட்டு மாகாணங்கள் இருந்ததைவிட ஏழையாகவும் தெரிந்தன. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு இடைக்காலத்து எண்ணெல்லாம் கணிப்புதான். இடப்பெயர்வு அதிகமுள்ள மாநிலங்களில் கணிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துவிட்டு வகுங்கள்.

தினசரி வந்துபோகும் ஆட்களும் உண்டு. ஒரு நகரில் வேலை, பக்கத்து மாநிலத்தில் வீடு என்றால் உற்பத்தி ஒரு பக்கமும் தலை இன்னொரு பக்கமும் விழும். பெருநகரையும் அதன் புறநகர் மாவட்டங்களையும் ஒரே அலகாகச் சேர்ப்பதுதான் எளிய தீர்வு.

எல்லை, விலை, ஆண்டு

இருபது ஆண்டுத் தொடரில் எல்லைகள் மாறாமலிருந்தால் அதிசயம். இந்தியாவில் 2000இல் மூன்று மாநிலங்களும் 2014இல் தெலங்கானாவும் பிறந்தன. சீனாவில் 1997இல் சோங்சிங் தனியானது. இந்தோனேசியாவில் 2001இல் அதிகாரப் பரவலாக்கம் நடைமுறைக்கு வந்தபின் மாவட்டங்கள் சரமாரியாகப் பிரிந்தன. பிரிந்ததை அப்படியே விட்டால் அலகுகள் கூடியதால் மட்டுமே ஏற்றத்தாழ்வுக் குறியீடு ஏறும். பிரிந்தவற்றைப் பழைய எல்லைக்கே ஒட்டி, தொடர் முழுவதும் ஒரே எண்ணிக்கையிலான அலகுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

விலையில் எளிய விதி: ஒரே ஆண்டில் வட்டாரங்களை ஒப்பிட நடப்பு விலை (அந்த ஆண்டின் விலை), ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியைப் பார்க்க நிலையான விலை (ஓர் அடிப்படை ஆண்டின் விலையில் எல்லா ஆண்டையும் மதிப்பிடுவது). இதை மாற்றிப் போட்டால், குறிப்பாக எண்ணெய், நிலக்கரி வட்டாரங்களில், அடிப்படை ஆண்டின் விலையே இன்றைய இடைவெளியைத் தீர்மானித்துவிடும். வட்டாரங்களுக்கிடையே வாழ்க்கைச் செலவு வேறுபடும் என்பதையும் மறக்க வேண்டாம். தனி விலைக் குறியீடு இல்லாத நாடுகளில் மாநிலவாரி வறுமைக்கோடுகளின் விகிதத்தைக் கொண்டு திருத்துவது ஆய்வாளர்கள் கையாளும் வழி. பெருநகர வட்டாரத்தின் மேடு இதில் கொஞ்சம் தணியும்.

தனி ஆண்டை ஒருபோதும் நம்பாதீர்கள். ஒரு வறட்சி போதும், மழையை நம்பிய வட்டாரம் அதலபாதாளத்தில் தெரியும். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்க வழி சொல்லும் இந்தியாவின் 15ஆவது நிதிக்குழு, வரிப் பங்கீட்டில் 45 விழுக்காட்டு எடையை வருமான இடைவெளிக்குக் கொடுத்தது. அதற்கு 2016-17 முதல் 2018-19 வரையிலான மூன்றாண்டுச் சராசரியைத்தான் எடுத்தது. நீங்களும் மூன்றாண்டுச் சராசரி எடுங்கள்.

கணக்கு

கற்பனையாக ஒரு நாடு. மக்கள் 100 லட்சம், வட்டாரம் நான்கு. தலைநகர்: 30 லட்சம் பேர், தனிநபர் உற்பத்தி 200. சமவெளி: 50 லட்சம், 80. மலை: 15 லட்சம், 60. சுரங்கம்: 5 லட்சம், 420. மொத்தத்தை மக்கள்தொகையால் வகுத்தால் நாட்டுச் சராசரி 130.

1965இல் பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி வில்லியம்சன் பயன்படுத்திய குறியீடு மக்கள்தொகை எடையிட்ட மாறுபாட்டுக் கெழு, அதாவது சராசரியைச் சுற்றிய சிதறலைச் சராசரியால் வகுத்த எண். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சராசரியிலிருந்து விலகலை இருமடியாக்கி, மக்கள்தொகைப் பங்கால் பெருக்குங்கள்: தலைநகருக்கு 70-இன் இருமடி 4,900, அதில் 0.30 பங்கு 1,470. சமவெளிக்கு 1,250. மலைக்கு 735. சுரங்கத்துக்கு 4,205. கூட்டினால் 7,660. வர்க்கமூலம் 87.5. அதை 130ஆல் வகுத்தால் 0.67.

இனி அந்த நான்கு எண்களை மறுபடி பாருங்கள். நாட்டில் 5 விழுக்காடு பேர் வாழும் சுரங்க வட்டாரம் 7,660-இல் 4,205-ஐத் தனியாகவே தருகிறது, பாதிக்கும் மேல். சுரங்கத்தின் மொத்த உற்பத்தி 2,100-இல் 1,700 தாதிலிருந்து வருவது என்று வைத்து, அதை நீக்கிவிட்டு மீண்டும் போடுங்கள். வட்டாரத்தின் தனிநபர் எண் 420-இலிருந்து 80க்கு இறங்கும், நாட்டுச் சராசரி 113 ஆகும், குறியீடு 0.51. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால், தாது விலை சரிந்த ஆண்டில் ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது என்று நாளிதழ்களில் செய்தி வரும்.

எடையிடாமல், நான்கு எண்களின் எளிய சராசரி 190-ஐ வைத்துப் போட்டால் இதே எண்களுக்கு 0.75 வரும். எடையிடாத குறியீட்டில் 5 லட்சம் பேரும் 50 லட்சம் பேரும் சமம். மக்களின் நலம் பற்றிப் பேசும்போது அது பொருந்தாது. வட்டார நிர்வாகங்களின் வளர்ச்சியை ஒப்பிடும்போது பொருந்தும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாத அறிக்கைகள் ஏராளம், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது வீண்.

அடுத்தது தைல் குறியீடு. ஒவ்வொரு வட்டாரத்தின் உற்பத்திப் பங்கை, அதன் தனிநபர் எண்ணுக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தின் இயல்மடக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். நம் நாட்டுக்கு 0.185. இதன் பலம் கூறுபோட முடிவது: குழுக்களுக்கு இடையே எவ்வளவு, குழுக்களுக்கு உள்ளே எவ்வளவு. தலைநகரையும் சமவெளியையும் சேர்த்து வடக்கு (தனிநபர் 125), மலையையும் சுரங்கத்தையும் சேர்த்து தெற்கு (150) என்று ஆக்கிப் பாருங்கள். வடக்கு-தெற்கு இடைவெளி 0.003 மட்டுமே, மொத்தத்தில் 2 விழுக்காடுகூட இல்லை. மீதியெல்லாம் உள்ளே. பெரிய மாகாண அளவில் ‘சமமான’ நாடு என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பது இப்போது தெரியும். அலகு பெரிதானால் ஏற்றத்தாழ்வு உள்ளே ஒளிந்துகொள்ளும். வெவ்வேறு அளவிலான அலகுகள் கொண்ட இரு நாடுகளின் குறியீடுகளை ஒப்பிடக் கூடாததும் இதனால்தான்.

இடைவெளி குறைகிறதா?

இதற்கு இரண்டு சோதனைகள். ஒன்று: தொடக்க ஆண்டின் தனிநபர் எண்ணின் மடக்கையைக் கிடை அச்சிலும், பின்வந்த ஆண்டுகளின் சராசரி வளர்ச்சியைச் செங்குத்து அச்சிலும் போட்டுக் கோடு இழுப்பது. கோடு கீழ்நோக்கிச் சரிந்தால் ஏழை வட்டாரங்கள் வேகமாக வளர்கின்றன என்று பொருள். பொருளாதார அறிஞர்கள் பாரோ, சாலா-இ-மார்ட்டின் இருவரும் 1990களின் தொடக்கத்தில் பல நாடுகளின் வட்டாரங்களில் இடைவெளி மூடக் கண்ட வேகம் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. அந்த வேகத்தில் இடைவெளி பாதியாகவே 35 ஆண்டு ஆகும். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றில் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மடக்கை எண்களின் திட்ட விலக்கத்தை (சிதறலின் அளவு) ஆண்டுதோறும் போட்டு அது இறங்குகிறதா என்று பார்ப்பது. கோடு சரிந்திருந்தும் விலக்கம் இறங்காமல் இருக்கலாம். தொடக்க ஆண்டில் தற்செயலாக மேலே நின்றவை இறங்கியும் கீழே நின்றவை ஏறியும் கோட்டைச் சரித்துவிடும், மொத்தச் சிதறல் அப்படியே இருக்கும். ஒன்றைத்தான் போட முடியும் என்றால் இரண்டாவதைப் போடுங்கள்.

உற்பத்தி எண்ணே கிடைக்காத இடங்களில் செயற்கைக்கோள் எடுக்கும் இரவு வெளிச்சம் கைகொடுக்கும். பழைய செயற்கைக்கோள்களின் டிஎம்எஸ்பி தொடர் 1992 முதல் 2013 வரை, புதிய கருவியான விஐஐஆர்எஸின் தொடர் 2012இலிருந்து. இரண்டையும் சரிசெய்யாமல் ஒட்டக் கூடாது, பழையதில் நகர மையத்தின் வெளிச்சம் உச்சவரம்பில் முட்டி நின்றுவிடும். வேளாண் வட்டாரங்களுக்கு இந்த அளவுகோல் எப்போதும் பலவீனம்: நெல் வயல் இரவில் ஒளிராது.

காரணம் தேடும்போது

குறியீடு ‘எவ்வளவு’ என்று மட்டும் சொல்லும். ‘ஏன்’ என்பதற்குப் பின்தங்கிய வட்டாரத்தின் வேலைவாய்ப்பைத் துறைவாரியாகப் பிரித்து இரண்டு கற்பனை எண்கள் போடுங்கள். வட்டாரத்தின் துறைக் கலவையை (எந்தத் துறையில் எத்தனை பங்கு ஆட்கள்) வைத்துக்கொண்டு நாட்டின் துறைவாரி உற்பத்தித்திறனைக் கொடுத்தால் அதன் உற்பத்தி எவ்வளவு? நாட்டின் துறைக் கலவையைக் கொடுத்து வட்டாரத்தின் சொந்த உற்பத்தித்திறனை வைத்தால் எவ்வளவு? முதலாவதில் இடைவெளி பெரும்பாலும் மூடினால், எல்லாத் துறையிலும் ஏதோ ஒன்று இழுக்கிறது: சாலை, மின்சாரம், படிப்பு, சந்தைத் தூரம். இரண்டாவதில் மூடினால் வேளாண்மையில் ஆட்கள் தேங்கிக் கிடக்கிறார்கள். புதுச் சாலை மட்டும் போட்டால் அதன் வழியே ஆட்கள்தான் வெளியேறுவார்கள்.

கொள்கையையும் சந்தேகப்பட்டியலில் சேருங்கள். இந்தியாவில் 1950கள் முதல் 1990களின் தொடக்கம் வரை எஃகு நாடெங்கும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும்படி சரக்குக் கட்டணம் சமன்செய்யப்பட்டது. தாதும் நிலக்கரியும் நிறைந்த கிழக்கு மாநிலங்களுக்கு இயற்கை கொடுத்த சாதகம் அதனால் அடிபட்டது. இத்தகைய விதிகள் வட்டாரத்தின் பெயரைச் சொல்லாமலே வட்டாரத்தைத் தாக்கும். எனவே ‘பின்தங்கிய பகுதி’ என்ற தலைப்பிலுள்ள திட்டங்களை மட்டும் தேடாமல், கட்டண விதிகள், மானியங்கள், வங்கிக் கடனுக்கும் வைப்புத்தொகைக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றையும் வட்டாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். மத்திய வங்கிகள் பலவும் இந்தக் கடன்-வைப்பு விகிதத்தைக் கீழ்மட்டம் வரை வெளியிடுகின்றன. ஏழை வட்டாரத்தில் அது தொடர்ந்து தாழ்ந்திருந்தால், அங்கே சேமித்த பணம் வேறெங்கோ கடனாகிக்கொண்டிருக்கிறது.