கருங்கல் கட்டுமானத்தில் நடுப்பகுதியைப் பாருங்கள்

அஸ்திவாரத்துக்குக் கருங்கல் கட்டும்போது வெளிமுகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், கோளாறு நடுவில்தான். இரண்டு பக்கமும் பெரிய கல் வைத்து, இடையில் சில்லுகளை, அதாவது சிறு கல்துண்டுகளை, கூடையோடு கொட்டி, மேலே கலவையைப் பூசி மூடிவிடுவார்கள். உள்ளே பொந்து! கலவை இறுகுமுன் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். சரசரவென்று இறங்கினால் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் கலவை, அப்புறம் சில்லு. சுத்தியலால் தட்டினால் கலவை பிதுங்கி வர வேண்டும்.

இரு முகத்தையும் பிணைக்கும் நீளக்கல், அரை சதுர மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். கொத்தனார் முணுமுணுப்பார், விடாதீர்கள். மண் ஒட்டிய கல்லில் கலவை பிடிக்காது. கழுவி, நனைத்தே வைக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டை இடித்த செங்கல் உடைசலா? சுவருக்குள் வேண்டாம், தரைக்கு அடியில் நிரப்பிக்கொள்ளலாம்.