காம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம்: ஐபோனுக்கும் கோட்லினா? முதல் வார இறுதியில் தொட்டுப் பார்க்க வேண்டியவை

ஆண்ட்ராய்டு செயலிகளை கோட்லின் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதுகிறவர்களிடம் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "இதையே ஐபோனுக்கும் கொடுக்க முடியாதா?" முடியும். ஒரே கோட்லின் கோடைப் பல தளங்களில் ஓட்ட உதவும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரிலேயே ஸ்டேபிள் (நம்பிப் பயன்படுத்தும் நிலை) ஆகிவிட்டது, 2024 கூகுள் ஐ/ஓ-வில் கூகுளும் அதை ஆதரிப்பதாக அறிவித்தது. அதன் மேல் திரைகளை வரையும் காம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம், ஐஓஎஸ் பக்கம் ஸ்டேபிள் ஆனது 2025 மே மாதம், 1.8 வெர்ஷனில். ஆகவே விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்க முடியாது. ஆனால் இந்த மாதிரிக் கருவிகள் எல்லாவற்றிலும் முதல் டெமோ அழகாகத்தான் ஓடும், அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தொல்லை கொடுக்கக்கூடிய ஒரே ஒரு திரையைக் கட்டிப் பாருங்கள், போதும்.

முதலில் மேக். ஐஓஎஸ் செயலியை பில்டு செய்ய ஆப்பிளின் எக்ஸ்கோடு என்ற கருவி வேண்டும், எக்ஸ்கோடுக்கு மேக் வேண்டும், இதற்குச் சுற்றுவழி கிடையாது. விண்டோஸோ லினக்ஸோ வைத்திருந்தால் ஆண்ட்ராய்டு, டெஸ்க்டாப் இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் நீங்கள் பார்க்க வந்தது அதை இல்லையே. மேக்கில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, அதில் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் பிளகின், எக்ஸ்கோடு மூன்றையும் போட்டுவிட்டு, எக்ஸ்கோடை ஒரு தடவை கையால் திறந்து லைசென்ஸை ஏற்று, ஒரு சிமுலேட்டரை இறக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் நேராக ரன் பட்டனை அழுத்தினால் வரும் எரர், எக்ஸ்கோடைப் பற்றியதாகவே தெரியாது.

அப்புறம் கோட்லினை உருவாக்கிய ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் விசார்டில் புதிய புராஜெக்ட். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டோடு டெஸ்க்டாப்பையும் டிக் செய்யுங்கள், டெஸ்க்டாப் செயலி வெளியிடும் எண்ணமே இல்லாவிட்டாலும் சரி. காரணம், கோடை மாற்றியதும் திரையும் மாறும் ஹாட் ரீலோடு வேலை செய்வது டெஸ்க்டாப்பில்தான். மார்ஜினை 8-லிருந்து 12 ஆக்கினால் ஜன்னலில் உடனே மாறும். அதையே ஐஓஎஸ் சிமுலேட்டரில் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் பில்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். முதல் ஐஓஎஸ் பில்டு இன்னும் மோசம், கோட்லினை ஐபோன் ஓட்டக்கூடிய கோடாக மாற்றும் கோட்லின் நேட்டிவ் கம்பைலரையே இறக்கி ஹோம் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். உறைந்துவிட்டதோ என்று நிறுத்திவிடாதீர்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். அடுத்தடுத்த பில்டுகள் பரவாயில்லை.

விசார்டில் ஐஓஎஸ் பகுதியில் ஒரு கேள்வி வரும்: யுஐ-யையும் (திரைகளையும்) பகிர்வதா, அல்லது அதை ஆப்பிளின் ஸ்விஃப்ட்யுஐ-யில் தனியாக எழுதுவதா? சோதனைக்குப் பகிர்வதைத் தேர்ந்தெடுங்கள். புராஜெக்ட் வந்ததும் காமன்மெயின், ஆண்ட்ராய்டுமெயின், ஐஓஎஸ்மெயின் என்று ஃபோல்டர்கள் இருக்கும். பொதுவானதெல்லாம் காமன்மெயினில். அங்கே ஜாவா லைப்ரரிகள் கிடையாது என்பதுதான் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு முதல் அடி.

இப்போது அந்தத் தொல்லைத் திரை. கடைப் பற்று வரவு என்று வையுங்கள்: பெயர், தொகை, தேதி, கீழே ஒரு நீண்ட பட்டியல். எல்லாம் தமிழில். 125000 என்ற தொகையை 1,25,000 என்று காட்ட வேண்டும். கை தானாக ஜாவா பக்கத்து ஸ்ட்ரிங் ஃபார்மேட்டைத் தேடிப் போகும், காமன்மெயினில் அது இல்லை. தேதிக்கு ஜாவா டைமும் இல்லை, அதற்கு கோட்லின்எக்ஸ் டேட்டைம் என்ற லைப்ரரி இருக்கிறது, சேர்த்துவிட்டால் முடிந்தது. தொகைக்குத்தான் எக்ஸ்பெக்ட், ஆக்சுவல் என்ற ஜோடி தேவைப்படும். காமன்மெயினில் "எண்ணைக் கொடுத்தால் எழுத்தாகத் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கும்" என்று எக்ஸ்பெக்ட் போட்டு உள்ளே கோடு இல்லாமல் எழுதுகிறீர்கள், ஒவ்வொரு தளத்திலும் அதை நிறைவேற்றும் கோடுதான் ஆக்சுவல். ஆண்ட்ராய்டில் அதன் ஆக்சுவல், ஜாவாவின் நம்பர்ஃபார்மேட்டைத் தமிழ்-இந்தியா லோகேலோடு (மொழி, நாட்டு அமைப்போடு) கூப்பிடும். டெஸ்க்டாப் ஜாவாவில் அதே நம்பர்ஃபார்மேட் 125,000 என்றுதான் காட்டும், அங்கே காற்புள்ளிகளை நீங்களே போட வேண்டும். ஐஓஎஸ்மெயினில் ஆப்பிளின் என்எஸ்நம்பர்ஃபார்மேட்டரைக் கூப்பிடும், அதுவும் கோட்லினிலிருந்தே, ஆப்பிளின் மொழியான ஸ்விஃப்டில் ஒரு வரிகூட இல்லாமல். ஃபவுண்டேஷன், யுஐகிட் போன்ற ஆப்பிள் லைப்ரரிகள் எல்லாம் இம்போர்ட்டிலேயே கிடைக்கின்றன. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒன்றை ஆக்சுவல் எழுதாமல் விட்டால் கம்பைலரே பிடித்துக்கொடுத்துவிடும்.

வாசகங்களுக்கு ரிசோர்ஸ் ஃபோல்டரில் ஆண்ட்ராய்டு பாணியிலேயே ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று ஸ்ட்ரிங்ஸ் கோப்புகள், ஐபோனிலும் அதுவே எடுபடும். தனி ஃபான்ட் சேர்த்தால் அதில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம் ஃபான்ட் வந்து உட்கார்ந்து, ஒரே வரியில் இரண்டு முகம் தெரியும். போனில் எழுத்து அளவை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு அடிப்பட்டையையும் பட்டன்களையும் பாருங்கள். "சேவ்" என்ற அளவில் வரைந்த பட்டனுக்குள் "சேமிக்கவும்" உட்காருமா? டிசைனர் காட்டிய படத்தில் எப்போதும் உட்காரும்!

ஐபோனில் இது எப்படித் தெரிகிறது? திரையை வரைவது ஸ்கியா என்ற வரைகலை லைப்ரரி, ஆப்பிளின் சொந்த விட்ஜெட்டுகள் இல்லை. கோடு என்னவோ எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாக நேட்டிவ் பைனரியாகத்தான் போகிறது, ஆனால் பட்டன் நேட்டிவ் பட்டன் கிடையாது. ஸ்க்ரோல் ஐபோன் போலவே துள்ளுகிறது, விளிம்பிலிருந்து இழுத்துப் பின்னால் போவதும் நேவிகேஷன் லைப்ரரியில் வந்துவிட்டது. ஆனால் கூகுளின் மெட்டீரியல் டிசைன் ஸ்விட்சையும் தேதி எடுக்கும் காலண்டரையும் பார்த்ததும் ஐபோன்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் செயலிக்கென்று சொந்த டிசைன் இருந்தால் இது ஒரு பொருட்டில்லை. அசல் ஆப்பிள் தோற்றம்தான் வேண்டும் என்றால் யுஐ-யைப் பகிராதீர்கள், லாஜிக்கை மட்டும் பகிர்ந்து திரைகளை ஸ்விஃப்ட்யுஐ-யில் எழுதுங்கள், எனக்கு அதில் வருத்தமே இல்லை. மேப் போன்ற ஆப்பிள் பாகங்களை யுஐகிட்வியூ வழியாக காம்போஸ் திரையின் நடுவில் பொருத்திக்கொள்ளலாம்.

வேகத்தை டீபக் பில்டில், அதாவது பிழை தேடுவதற்கான பில்டில், அளக்காதீர்கள். பட்டியலை ஆயிரம் வரிகளாக்கி, ரிலீஸ் பில்டாக, உண்மையான போனில் உருட்டிப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் ஐஓஎஸ் செயலிக்குள் காம்போஸை நுழைக்கிறீர்கள் என்றால் இன்ஃபோ பிளிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் 120 ஹெர்ட்ஸ் திரைக்கான அமைப்பைச் சேர்க்க மறக்க வேண்டாம், அது இல்லையென்றால் செயலி திறந்ததும் விழுந்துவிடும். விசார்டு புராஜெக்டில் அது தானாகவே இருக்கும். செயலியின் எடை ஸ்விஃப்ட்யுஐ-யை விட 9 எம்பி அளவுக்குக் கூடும் என்று ஜெட்பிரெயின்ஸே சொல்கிறது. பெரும்பாலான செயலிகளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

ஸ்விஃப்டும் கோட்லினும் சந்திக்கும் எல்லையில் மட்டும் கவனம். நடுவில் ஆப்பிளின் பழைய மொழியான அப்ஜெக்டிவ்-சி இருப்பதால் சீல்டு கிளாஸின் (துணை வகைகள் இவை மட்டும்தான் என்று வரையறுத்த கிளாஸ்) அழகெல்லாம் அந்தப் பக்கம் போகும்போது தொலைந்துவிடும், டச்லேப் நிறுவனத்தின் ஸ்கை என்ற பிளகின் ஓரளவுக்கு அதை மீட்டுத்தரும். கோட்லின் ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வீசக்கூடியதென்றால் த்ரோஸ் குறிப்பைப் போட்டே தீர வேண்டும். போடாவிட்டால் ஸ்விஃப்டில் ட்ரை-கேட்ச் எழுதியும் பயனில்லை, செயலி அப்படியே மூடிக்கொள்ளும்.

சோதிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. சாதாரண ஆப்பிள் ஐடியை எக்ஸ்கோடில் கொடுத்தாலே உங்கள் ஐபோனில் செயலியைப் போட்டுக்கொள்ளலாம், 7 நாளில் காலாவதியாகும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆப் ஸ்டோருக்கு அனுப்பும்போதுதான் ஆண்டுக்கு 99 டாலர், கூகுள் பிளேவுக்கு ஒரே தடவை 25.