வீட்டுக்குத் துப்பாக்கி வாங்குவோர் செய்யும் தவறுகள்

இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளையே குறிவைத்து, 2011 முதல் 2014 வரை பல அமெரிக்க மாநிலங்களில் துப்பாக்கி முனையில் கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு, டெட்ராய்ட் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2019-இல் 37 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வீட்டில் நகை இருக்கும் என்ற கணக்கில் நம்மவர்களின் வீட்டைத் தேடி வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அங்கே வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்று விசாரிக்கத் தொடங்குவதில் வியப்பில்லை. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த வீட்டையும் அதில் வசிக்கும் ஆட்களையும் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு துப்பாக்கிக்கு வருவதே சரியான வரிசை.

முதல் தவறு சட்டத்தில் நிகழ்கிறது. நம்மவர்கள் எளிதில் மாட்டிக்கொள்ளும் இடமும் அதுவே. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, சுற்றுலா விசா என, குடியேற்றம் சாராத விசாவில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்கக் கூடாது. கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. மீறுபவருக்கு 15 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். பல ஆண்டுகள் காத்திருந்து நெருங்கிய குடியேற்ற வாய்ப்பும் அதோடு கைநழுவலாம். "வைத்திருப்பது" என்ற சொல்லை நீதிமன்றங்கள் அகலமாகவே பொருள் கொள்கின்றன. மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் தங்கியிருந்த ஒருவர், ஃபுளோரிடாவில் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம் (ரேஞ்ச்) ஒன்றில் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டதற்காகக் குற்றவாளியாக்கப்பட்டார். தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபித்திருக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அந்தத் தண்டனை ரத்தானது. ஆகவே, ஆறு மாதம் தங்கிப் போக வந்திருக்கும் மாமனாரை ஆசைக்கு ஒரு முறை ரேஞ்சுக்கு அழைத்துப்போய்ச் சுட வைப்பதும், துப்பாக்கிப் பெட்டகத்தின் எண்ணை எச்-4 விசாவிலுள்ள மனைவியிடம் சொல்லி வைப்பதும் சாதாரண விஷயங்கள் அல்ல. தனக்குத் தகுதியில்லை என்பதால் கிரீன் கார்டு உள்ள நண்பரை வாங்கித் தரச் சொல்வது அதைவிட மோசம். உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்று, துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்ப வேண்டிய 4473 என்ற கூட்டாட்சிப் படிவம் நேராகவே கேட்கிறது. அதில் பொய் சொன்னவரும் சொல்லச் சொன்னவரும் சேர்ந்தே சிக்குவார்கள்.

மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனி. நியூஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்க முன் அனுமதி வேண்டும், இல்லினாயில் அதற்கென அடையாள அட்டை வேண்டும், கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும். டெக்சஸில் இருக்கும் மைத்துனர் சொன்னதைக் கேட்டு நியூஜெர்சியின் எடிசனில் இருப்பவர் முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் வளர்ந்த நமக்கு, அமெரிக்க வீட்டின் உட்சுவரும் சுவர்தான் என்ற எண்ணம் மனத்தில் ஊறியிருக்கிறது. ஒரு முறை அதை விரலால் தட்டிப் பாருங்கள். பெட்டியைத் தட்டிய ஓசை வரும். மரச் சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அறைந்து எழுப்பியதே அந்தச் சுவர். ஓர் ஆளைத் தடுத்து நிறுத்தும் வலுவுள்ள எந்தக் குண்டும் அப்படிப்பட்ட சுவர்கள் இரண்டு மூன்றைத் துளைத்துப் போய்விடும். உடலில் பட்டதும் விரிவதற்காகச் செய்யப்பட்ட, முனையில் குழியுள்ள குண்டுகூட ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் விரியாமலே போகலாம். சுவரைத் துளைக்காத தோட்டா எது என்று தேடுவதைவிட, குழந்தைகளின் படுக்கைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன, பக்கத்து வீட்டுச் சன்னல் எங்கே வருகிறது, எந்த மூலையில் நின்றால் எதிரே ஆள் நடமாட்டமில்லாத திசை கிடைக்கும் என்று பகலிலேயே வீட்டைச் சுற்றிப் பார்ப்பது பயன் தரும்.

கடையில் நிகழும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது, பெண்களுக்கு என்று சிறிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது. ஒரு கடையில் நேரில் பார்த்தேன். கணவர் ஆசையாகக் காட்டிய குட்டி ரிவால்வரை மனைவி வாங்கி விசையை (டிரிகர்) அழுத்திப் பார்த்தார். ஒரு விரல் போதவில்லை, இரண்டாவது விரலையும் சேர்த்து இழுத்தபோது குழல் முனை கீழே சாய்ந்துவிட்டது. அந்த வகை ரிவால்வரின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. விசையை இழுக்கவோ ஏறத்தாழ ஐந்து கிலோவைத் தூக்கும் அளவுக்குப் பலம் வேண்டும். எடை குறையக் குறைய, சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதை கூடும் என்பதும் எளிய இயற்பியல்தான். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகச் செய்யப்பட்ட பொருளை வீட்டில் வைத்துக்கொள்வதில் எந்த அனுகூலமும் இல்லை. நடுத்தர அளவுள்ள 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றை அவரே எடுத்து, மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடைத் தன் கையாலேயே பின்னுக்கு இழுக்க முடிகிறதா, விரல் விசைக்கு இயல்பாக எட்டுகிறதா என்று பார்த்து, வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். எந்த அளவுத் தோட்டா என்ற வாதத்தில் நேரம் செலவிட வேண்டாம், எஃப்.பி.ஐ. அமைப்பே பெரிய தோட்டாக்களுக்குப் போய்விட்டு 9 மி.மீ.-க்குத் திரும்பி வந்தது.

ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகளைச் சுடும் நீளத் துப்பாக்கியான ஷாட்கன் வைத்திருந்தால் குறி பார்க்கவே வேண்டாம் என்பது பிடிவாதமான ஒரு நம்பிக்கை. ஓர் அறைக்குள், நான்கைந்து மீட்டர் தூரத்தில், அதன் ரவைகள் ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்குள்தான் போய் விழும். ஆகவே அதையும் குறி பார்த்தே சுட வேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அதை வீட்டின் குறுகலான நடைவழியில் திருப்புவதும், மறு கையில் குழந்தையைத் தூக்குவதும் எளிதல்ல.

பிஸ்டல் புதிதாகப் பழகுவோர் உயிரைப் பறிகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். குழலின் பின்முனையில் ஏற்கெனவே ஏறிவிட்ட தோட்டா அங்கேயே உட்கார்ந்திருக்கும். விசையை அழுத்தினால் பெரும்பாலான பிஸ்டல்களில் அது வெடிக்கும். முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்துப் பிடித்து, உள்ளே கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு கழற்றினால், ஒரு தோட்டா வெளியே விழும்போதே அடுத்தது உள்ளே ஏறிவிடும்.

துப்பாக்கிக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவர் அதை வைக்கும் பெட்டகத்துக்கு இருநூறு டாலர் கொடுக்கத் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. புடவை அடுக்கின் அடியிலோ பரணிலோ ஒளித்து வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது பெற்றோரின் நினைப்பு மட்டுமே. தீபாவளிக்கு வாங்கிய இனிப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டா? மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் பள்ளியில் நால்வரைச் சுட்டுக் கொன்றது, சில நாட்களுக்கு முன் வீட்டில் வாங்கிய பிஸ்டலால்தான். 2024-இல் தாய், தந்தை இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. எண் அழுத்தினால் நொடிகளில் திறக்கும் சிறு பெட்டகத்தைக் கட்டிலருகே திருகாணி போட்டு இறுக்கி வையுங்கள். விசைப் பூட்டை, தோட்டா நிரப்பிய துப்பாக்கியில் மாட்டாதீர்கள். மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம்.

பிள்ளைகளைப் பற்றி யோசிப்பவர்கள்கூடப் பெரியவர்களைப் பற்றி யோசிப்பதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம் மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு என்றும், பெண்களிடையே அது 35 மடங்கு என்றும் கண்டது. வேலை பறிபோய், விசாவுக்கு அறுபது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்க, ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு இப்போது துப்பாக்கி வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், சட்டப்படி வேறிடத்தில் ஒப்படைத்துவிட்டு, தற்கொலைத் தடுப்பு, மனநெருக்கடி உதவிக்கான 988 என்ற எண்ணை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

ஆளைப் பார்க்காமல் சுடுவதுதான் மீள முடியாத தவறு. லூசியானாவின் பேட்டன் ரூஜில் 1992-இல், விருந்து நடக்கும் வீடு என்று நினைத்து வேறு வீட்டுக்குப் போய்விட்ட 16 வயது ஜப்பானிய மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023-இல் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவர வந்து, தவறான வீட்டின் மணியை அழுத்திய 16 வயதுச் சிறுவன் சுடப்பட்டு உயிர் பிழைத்தான். இருட்டில் வருவது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகளா என்பதைக் காட்டும் விளக்கு துப்பாக்கியோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள். அதைத் துப்பாக்கியில் பொருத்தாமல் தனியாகக் கையில் வைத்திருங்கள். அப்போதுதான் யாரென்று பார்ப்பதற்காகவே ஒருவர்மீது குழலைத் திருப்ப நேராது.

வீட்டைச் சுற்றித் தேடிக்கொண்டு போகாமல், எல்லோரும் ஓர் அறையில் கூடி, கதவைத் தாழிட்டு, 911-ஐ அழைத்து, எந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறோம், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். போலீசார் உள்ளே வரும்போது அவர்களுக்கு வீட்டுக்காரர் யார், கொள்ளைக்காரர் யார் என்று தெரியாது. அவர்கள் குரல் கேட்டதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை விரித்து, வெறுங்கையைக் காட்ட வேண்டும். இதையும் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.