முங்கோவின் பழைய ஆட்டுப்பண்ணைக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, சன்ஸ்கிரீன், சாயங்காலம் கங்காரு குறுக்கே பாயும் என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். முங்கோ தேசியப் பூங்காவுக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். அவற்றைப் பற்றித்தான் இது.

இடம் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கு மூலை. விக்டோரியா எல்லையில் இருக்கும் மில்டூரா ஊரிலிருந்து வடகிழக்கே சுமார் 110 கி.மீ. அங்கே 'ஸ்டேஷன்' என்றால் ரயில் நிலையம் இல்லை, ஆயிரக்கணக்கான ஆடுகள் மேய்ந்த பண்ணை. கோல் கோல் என்ற பெரிய ஸ்டேஷனை முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920களில், போரிலிருந்து திரும்பியவர்களுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். அப்படி வந்தவைதான் முங்கோவும் ஸான்சியும். பூங்கா ஆனது 1979இல்.

மழை நின்றதும் கிளம்பிவிடுவது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வரும்.

பூங்காவுக்குப் போகும் சாலைகளில் ஒரு பகுதியில் தார் போட்டிருந்தாலும் மிச்சம் மண் சாலைதான். பூங்காவுக்குள் வழி, வற்றிப்போன ஏரியின் தரைமேலேயே ஓடுகிறது. ஏரித்தரை என்றால் களிமண். காய்ந்திருக்கும்போது சிமென்ட் தளம் மாதிரி இருக்கும், சின்னக் கார்கூடச் சிரமமில்லாமல் போய்வரும். சில மில்லிமீட்டர் மழை போதும், அதே தரை சோப்புத் தேய்த்த குளியலறை ஆகிவிடும்.

"ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிறோமே" என்பார்கள். நாலு சக்கரத்துக்கும் விசை போனாலும் பிடித்துக்கொள்வது டயரின் வெட்டுகள்தான். பத்து சுற்றுக்குள் அந்த வெட்டுகளைக் களிமண் அடைத்துவிடும். அப்புறம் அது டயர் இல்லை, வழவழப்பான உருளை. தண்ணீர் வடியவேண்டும் என்று சாலையின் நடுவை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் போட்டிருப்பார்கள். நனைந்தபின் வண்டி அந்தச் சரிவோடு தானாகவே வழுக்கி ஓரத்து வாய்க்காலில் போய் உட்காரும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது. அதோடு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பி இறுகி, சக்கரமே சுழலாமல் நின்றுவிடுவதும் உண்டு.

பிறகு நடப்பதுதான் செலவு. செல்போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் கிடையாது. மீட்பு வண்டியும் சாலை காயும்வரை வர முடியாது. மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம், காப்பீடும் கைவிடும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் சாலைக்கே அனுமதி இருக்காது. அதைக் கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன்பே படிக்கவேண்டும், வாய்க்காலில் உட்கார்ந்துகொண்டு அல்ல. நீங்கள் போட்ட தடம் காய்ந்ததும் முழங்கால் ஆழப் பள்ளமாக இறுகி, அடுத்து வருகிறவரின் அச்சை முறிக்கும். மண் வாரும் இயந்திரம் வந்து சமன் செய்யும்வரை அது அப்படியேதான் கிடக்கும்.

இதைத் தவிர்க்கக் கிளம்பும் நாள் காலையில் இரண்டு இடங்களில் பாருங்கள். பூங்காவுக்கு உள்ளே இருக்கும் சாலைகளைத் திறப்பதும் மூடுவதும் தேசியப் பூங்கா நிர்வாகம். வெளியே இருப்பவை உள்ளூர் ஷயர் கவுன்சிலுடையவை; ஷயர் என்பது அங்கத்திய உள்ளாட்சிப் பகுதி. மில்டூரா பக்கத்திலிருந்து வந்தால் வென்ட்வொர்த் ஷயர், பால்ரனால்ட் பக்கத்திலிருந்து வந்தால் அந்த ஷயரும். பூங்காப் பக்கத்தை மட்டும் பார்த்து 'திறந்திருக்கிறது' என்று புறப்பட்டு, பாதி வழியில் ஷயர் போட்ட தடுப்புப் பலகையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். மில்டூராவில் வானம் தெளிவாக இருப்பதற்கும் முங்கோ சாலைக்கும் சம்பந்தம் இல்லை. முந்தாநாள் அங்கே பெய்ததா என்பதுதான் கேள்வி.

உள்ளே இருக்கும்போது மழை பிடித்தால் அசையாதீர்கள். 'இன்னும் கொஞ்சம் நனைவதற்குள் ஓடிவிடலாம்' என்று அவசரமாகக் கூடாரத்தைச் சுருட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெயிலும் காற்றும் இருந்தால் ஓரிரு நாளில் காயும், குளிர்காலத்தில் இன்னும் தாமதமாகும். ஆகையால் திட்டத்துக்கு மேல் இரண்டு நாள் சாப்பாடும், ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் வீதம் குடிநீரும் வண்டியில் இருக்கட்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போயே தீரவேண்டும் என்றால் ஞாயிறு வரை அங்கே தங்கும்படி போடாதீர்கள்.

பெட்ரோலைப் போகவர மட்டும் கணக்கிடுவது

உள்ளே பங்க் கிடையாது. மில்டூராவிலிருந்து போகவர 220 கி.மீ., உள்ளே சுற்றிவரும் பாதை 70 கி.மீ. அந்தப் பாதையின் பெரும்பகுதி ஒருவழி, நடுவில் மனம் மாறித் திரும்ப முடியாது. 350 கி.மீ. ஓடும் அளவுக்கு நிரப்பிக்கொண்டு போங்கள்.

ஸ்டெப்னியைப் பார்க்காமல் கிளம்புவது

இப்போது பல வாடகைக் கார்களில் ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் பசைக் குப்பிதான். கூர்க்கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் பசை உதவாது. முழு அளவு ஸ்டெப்னி இருக்கும் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள், ஜாக்கி சரியாக இருக்கிறதா என்று ஊரிலேயே தூக்கிப் பாருங்கள்.

பங்களாவைத் தேடுவது

ஸான்சியில் இறங்கியதும் "வீடு எங்கே?" என்பார்கள். குடியிருந்த பெரிய வீடு இப்போது இல்லை. மிஞ்சியிருப்பவை மரத்தொழுவம், கொட்டகைகள், கோடை வெயிலுக்குத் தப்ப மண்ணைத் தோண்டிச் செய்த நிலவறை. கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில் அந்த நிலவறைதான் குளிர்சாதன அறை. வீட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் காரில் ஏறிவிடுகிறார்கள்.

முங்கோவில் ரோமம் கத்தரிக்கும் கொட்டகை இருக்கிறது, வுல்ஷெட் என்பார்கள். கோல் கோல் ஸ்டேஷன் பிரிவதற்கு முன்பே, 1869இல், சீனத் தொழிலாளர்கள் உள்ளூர் சைப்ரஸ் பைன் மரத்தில் கட்டியது. கரையான் சீக்கிரம் தொடாத மரம் என்பதால்தான் இன்னும் நிற்கிறது. வெளிவெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால் ஒன்றும் தெரியாது, கண் பழகும்வரை நில்லுங்கள். தூண்களில் மேலிருந்து கீழ்வரை காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, மரக்கட்டைகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் காடிக்குள் இறக்கியிருப்பதைப் பாருங்கள். சுவருக்கு ஆணி தேவையில்லை. கட்டைகளில் வெட்டுத்தடங்கள் இன்னும் இருக்கின்றன.

கீழே கிடப்பதைப் பொறுக்குவது

துருப்பிடித்த ஆணி, ஊதா நிறம் ஏறிய பாட்டில் துண்டு எல்லாமே சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. பண்ணையாட்கள் குப்பை கொட்டிய இடம் ஆய்வாளருக்குத் தகவல் சுரங்கம்.

கல்லாயுதம், எலும்பு என்றால் இன்னும் தீவிரம். இது பார்கிந்ஜி, முத்தி முத்தி, ஙியம்பா மக்களின் நிலம். ஆடுகளும் முயல்களும் புல்லை மொட்டையடித்ததால் மணல்மேடு அரிக்கப்பட்டு, 1968இல் 'முங்கோ பெண்' எனப்படும் ஆதிகாலப் பெண் ஒருத்தியின் எச்சங்கள் வெளியே தெரிந்தன. வயது சுமார் 42,000 ஆண்டு. பண்ணையையும் மணல்மேட்டையும் தனித்தனி 'ஸ்பாட்' என்று நினைப்பது தவறு, ஒன்று மற்றொன்றின் விளைவு. 'வால்ஸ் ஆஃப் சைனா' எனப்படும் அந்த மேட்டில் மரப்பாதையைத் தாண்டி நடக்க வழிகாட்டி கூட வரவேண்டும்.

'டேங்க்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறுவது

வரைபடத்தில் ரவுண்ட் டேங்க் என்று இருப்பது சின்டெக்ஸ் தொட்டி இல்லை. ஆட்டுக்காக மண்ணில் தோண்டிய குட்டை. குடிக்கத் தண்ணீர் அங்கே தேடாதீர்கள்.

விறகு

பொறுக்கக்கூடாது. ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.