கொங்குப் பக்கம் குடிவரப் போகிறீர்களா? வாடகையோடு வெயிலையும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ குடும்பத்தோடு இந்தப் பக்கம் வரப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கோயமுத்தூர்ல டூ பெட்ரூம் வீடு என்ன வாடகைங்க?" கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் வாடகையை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்தால் சித்திரை பிறந்ததும் கணக்கு இடிக்கும். இங்கே வெயில் கரன்ட் பில்லாக வீட்டுக்குள் வரும், மழை பொய்த்தால் அது லாரித் தண்ணீராக வரும். அதனால் பருவநிலை தனி, செலவு தனி என்று இரண்டு பட்டியல் போடாமல் ஒரே நோட்டில் எழுதிப் பாருங்கள்.

முதலில் ஊர். கொங்கு என்றாலே குளுகுளு என்று ஒரு பேச்சு உண்டு. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் அது பொருந்தும், ஈரோட்டில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்குப் பக்கம் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய் இருக்கிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாகத்தான் உள்ளே புகுகிறது. அந்தக் காற்றுக்கு நேரே இருக்கும் ஊர்களில் வைகாசி முடிந்ததும் வெயில் அடங்கிவிடும். கிழக்கே போகப் போக காற்று காய்ந்துகொண்டே போகும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஈரோடும் கரூரும் அதில் பாதி உயரம்கூட இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், கோவையில் அது அபூர்வம். ராத்திரியில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். கோவையில் மே மாதத்திலும் கோடை மழை ஒன்று இறங்கினால் ஃபேன் போதும், ஈரோட்டில் சுவர் பகலில் குடித்த வெயிலை விடியும்வரை கக்கிக்கொண்டே இருக்கும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் மழை மறைவுப் பகுதி, மலை தடுத்துவிடுவதால் மழை குறைவு. வாடகை குறைவு, காற்று ஏராளம் (காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்), தண்ணீர்தான் இழுபறி. கோபி பக்கம் பவானிசாகர் அணையின் வாய்க்கால் பாசனம் இருப்பதால் பச்சையாக இருக்கும், ஆனால் வேலை வேறு ஊரில் இருந்தால் தினப் பயணம் உங்களைத் தின்றுவிடும். தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் வீடு பார்த்துவிட்டு "ஆஹா, என்ன காற்று" என்று சொக்கிப் போகிறவர்கள், ராத்திரியில் யானை வருமா என்று பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

அடுத்தது கரன்ட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், அதில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 500-ஐத் தாண்டும் இடம். தாண்டிவிட்டால் மேலே ஓடிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடிவிடும். ஒன்றரை டன் பழைய ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் என்று வைத்தால் நாளைக்குச் சுமார் பத்து யூனிட், இரண்டு மாதத்துக்கு அறுநூறு. ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஓடுவதற்கு முன்னாலேயே 500 தாண்டியாயிற்று. எனவே மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு மாசம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகை குறைவு என்றால் சந்தோஷப்படும் முன் ஊரைப் பாருங்கள். கோவையில் ஏசி தேவைப்படுவது இரண்டு மூன்று மாதம்தான், அதுவும் எல்லா நாளும் இல்லை, மேல் மாடி லாபமாகவே முடியலாம். ஈரோட்டில் பிப்ரவரி கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். அங்கே கூடுதல் வாடகை கொடுத்தாவது கீழ்த் தளத்தை எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கணக்கு.

வீடு பார்க்கப் போகும்போது மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். புரோக்கர் காலையில்தான் கூப்பிடுவார், விடாதீர்கள். மேற்குச் சுவரில் உள்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், படுக்கையறை எந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேற்கே ஜன்னலே கூடாது என்று சிலர் சொல்வார்கள், கோவை, பொள்ளாச்சி பக்கம் அது சரிவராது, ஏனென்றால் ஆடிக் காற்று வருவதே அந்தத் திசையிலிருந்துதான். ஜன்னல் இருக்கட்டும், அதன் மேல் நல்ல அகலமான சன்ஷேடோ பக்கத்தில் ஒரு வேப்பமரமோ இருந்தால் போதும். வீட்டில் வீசிங் இருக்கும் குழந்தையோ பெரியவரோ இருந்தால் அதே ஆடிக் காற்று தூசியைக் கொண்டுவரும், மார்கழிப் பனியும் சேர்ந்துகொள்ளும். காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கும் புது லேஅவுட்டுகளையும், நூல் மில்லுக்கு அடுத்த தெருவையும் அவர்கள் விட்டுவிடுவது நல்லது.

இனி தண்ணீர். நான் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவழிப்பேன். இங்கே ஒரு வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. சமைக்கவும் குடிக்கவும் நல்ல தண்ணி, அது குழாயில் வரும். துவைக்கவும் குளிக்கவும் உப்புத் தண்ணி, அது போரிலிருந்து வரும். வீட்டுக்காரரிடம் "தண்ணி எப்படிங்க?" என்று பொதுவாகக் கேட்டால், "தண்ணிக்கு ஒண்ணும் கொறையில்லீங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, போர் தண்ணீரைச் சொல்கிறார். நீங்கள் பிரித்துக் கேட்க வேண்டும்: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறாங்க? எத்தனை மணி நேரம் வருது? போன சித்திரையில லாரித் தண்ணி வாங்குனீங்களா? வாங்குனா காசு யாரு குடுக்கறது?" இதே கேள்விகளைப் பக்கத்து வாடகை வீட்டிலும் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம்.

கோவை மாநகரில் குழாயில் வருவது மேற்குப் பக்கம் பெரும்பாலும் சிறுவாணி அணைத் தண்ணீர், கிழக்குப் பக்கம் பெரும்பாலும் பில்லூர் அணைத் தண்ணீர். சிறுவாணி அணை கேரள எல்லைக்குள் இருப்பதால் மழை குறைந்த வருஷங்களில் அது தனிச் சிக்கல். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கம் என்றால் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலைப் பற்றி விசாரியுங்கள். பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், உங்கள் மண்டலத்தில் வாய்க்கால் ஓடும்போது சுற்று வட்டாரக் கிணறும் போரும் ஊறி நிற்கும், அப்போது வீடு பார்த்தால் எல்லாமே அமோகமாகத் தெரியும். முறை முடிந்து சில மாதம் கழித்து எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அவிநாசி, அன்னூர் பக்கம் மனை விற்கிறவர்கள் "அத்திக்கடவுத் தண்ணி வந்துருச்சுங்க" என்பார்கள். வந்தது உண்மை, 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியது, ஆனால் அது பவானியின் உபரி நீரை ஆயிரத்துச் சொச்சம் குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோய் நிலத்தடி நீரை ஊறவைக்கும் திட்டம். உங்கள் வீட்டுக் குழாய்க்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பார்க்கும் பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. போர் தண்ணீரில் பேனாவை வைத்து நாலிலக்கம் காட்டினால் ஹீட்டர், வாஷிங் மெஷின், குழாய் எல்லாம் உப்புப் பூத்துச் சீக்கிரம் போகும் என்று அர்த்தம், சோப்பும் நுரைக்காது. திருப்பூருக்குக் கீழே நொய்யலை ஒட்டி, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் உள்ள ஊர்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, சுத்திகரிப்பு முறை மாறிய பிறகும், அதற்கு முன் பல வருஷமாக நிலத்தில் இறங்கிய சாயக் கழிவு அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. கேன் தண்ணீர் மாசத்துக்கு எத்தனை ஆகும் என்று எழுதி வாடகையோடு கூட்டிவிடுங்கள்.

எப்போது வருவது? பள்ளிக்கூடக் கணக்கில் எல்லோரும் மே மாதம்தான் வீடு மாறுகிறார்கள், வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் நிற்கும். ஆடியில் இங்கே யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வீடுகள் சும்மா கிடக்கும், வீட்டுக்காரர் இறங்கிப் பேசுவார். குழந்தைகள் இன்னும் பள்ளியில் சேராத குடும்பமும், ரிட்டையர் ஆகி வருகிறவர்களும் ஆடியில் பேசி முடித்து ஆவணியில் குடிவரலாம். ஆனால் ஆடியில் எந்த வீடும் குளுமையாகத்தான் இருக்கும். ஆகவே ஏப்ரல், மே சேர்ந்து வரும் கரன்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கள், அதில் வெயில் எழுதியிருக்கும். காட்டத் தயங்கினால் ஒரு மீட்டரில் பல வீடு ஓடுகிறதா, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்று கேளுங்கள். அப்படியானால் இலவச 100 யூனிட் உங்களுக்கு வராது. அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பது இங்கே பழைய பழக்கம், ஐந்து ஆறுக்கு இறக்குவது கஷ்டமில்லை.

பேருந்து விஷயத்தில் ஒன்று. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வேலைக்குப் போகும் அம்மாவும் கல்லூரிக்குப் போகும் மகளும் இருக்கும் வீட்டில் இது பெரிய மிச்சம். கோவையில் பல ரூட்டுகளில் தனியார் டவுன் பஸ்கள்தான் அதிகம் ஓடும், அதில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். வீட்டு ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்று எது எத்தனை வருகிறது என்று பார்த்துவிடுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருப்பதால், ஒருவருக்கு ஒரு ஊரிலும் மற்றவருக்கு இன்னொரு ஊரிலும் வேலை என்றால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து சீசன் டிக்கெட் போடுவது பைக்குக்குப் பெட்ரோல் ஊற்றுவதைவிட மலிவு.

பள்ளிக் கட்டணத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம், வேன் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள், அது போதும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால்தான் மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். ஏற்கெனவே அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை, ஊர் மாறும் அவசரத்தில் ஒரே ஒரு வருஷம் தனியாரில் போட்டாலும் அது கைவிட்டுப் போகும்.

வருமானம் பனியன் கம்பெனியை நம்பி என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. திருப்பூரில் வாரச் சம்பளம், ஆர்டர் இருக்கும்போது ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று ஓடும், கை நிறையக் காசு வரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது ஆர்டர்கள் எப்படி நின்றன என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒற்றை ஷிப்ட் சம்பளத்தில் கட்ட முடிகிற வாடகைக்கு மேல் போகாதீர்கள்.

வந்து இறங்கியதும் ரேஷன் கார்டு முகவரியை இ-சேவை மையத்தில் மாற்றிவிடுங்கள், கேஸ் இணைப்பையும் கையோடு மாற்றுங்கள். காய்கறிக்கு ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் உழவர் சந்தை இருக்கிறது, ஈரோட்டிலும் திருப்பூரிலும் உண்டு, விலைப் பலகையைக் காலையிலேயே எழுதி வைத்துவிடுவார்கள். எட்டு மணிக்கு முன்னால் போங்கள், அதற்கப்புறம் நல்ல கத்திரிக்காய் இருக்காது.