லெரோய்க்காவின் வெள்ளைச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃப்ளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது காயோலே இன் கியாந்தி. மூவாயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியும் முன்பே அதன் தெருக்களில் பழைய சைக்கிள்கள் நிறைந்துவிடும். கம்பளிச் சட்டை, தோல் காலணி, தோளில் குறுக்காக மாட்டிய உதிரி டயர் என்று அரை நூற்றாண்டுக்கு முந்தைய பந்தய வீரர்களைப் போல உடுத்தியவர்கள் புறப்படக் காத்திருப்பார்கள். இதுதான் லெரோய்க்கா என்ற பழைய சைக்கிள் ஓட்ட நிகழ்ச்சி. 1997இல் 92 பேருடன் தொடங்கியது. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள்.

இங்கே வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இதைப் பந்தயம் என்று நினைப்பதுதான். தோற்றம் அப்படித்தான் இருக்கிறது: முதுகில் எண், தொடக்கக் கோடு, கூட்டம். ஆனால் இங்கே முதலிடம் என்று ஒன்று கிடையாது. தொடங்கிவைத்த ஜான்கார்லோ ப்ரோச்சியின் நோக்கமே வேறு. அந்த வட்டாரத்தின் தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலைகளை, தார் மூடுவதற்கு முன் காப்பாற்ற வேண்டும். பழைய இத்தாலியப் பந்தய வீரர்கள் கோப்பியும் பார்த்தாலியும் மிதித்த காலத்துச் சைக்கிள் ஓட்டத்தின் கடினத்தையும் அழகையும் இன்றைய ஆட்கள் தம் கால்களால் உணர வேண்டும். சாலைகளைக் காப்பாற்றுவதில் அவர் வென்றார் என்றே சொல்வேன். தொழில்முறை வீரர்களுக்கான ஸ்த்ராதே பியான்கே பந்தயம் 2007இல் இதிலிருந்துதான் பிறந்தது. முதல் ஆண்டில் அது காயோலேயிலிருந்தே புறப்பட்டது.

வழியில் கட்டுப்பாட்டு இடங்களில் ஓர் அட்டையில் முத்திரை குத்துவார்கள். முத்திரைகளோடு திரும்பி வந்தால் போதும். இதை மறந்து முதல் பத்து கிலோமீட்டரில் முன்னால் போகிறவரைத் துரத்துகிறவர், ப்ரோலியோ கோட்டை ஏற்றத்திலேயே கால் கனத்துப்போய் நிற்கிறார். அது எவ்வளவு பெரிய இழப்பு! நீண்ட பாதையில் போகிறவர்கள் அங்கே இருட்டில்தான் ஏறுவார்கள். சாலையின் இரு ஓரமும் சிறு தீபங்கள் ஏற்றி வைத்திருப்பார்கள். மரங்களுக்கு நடுவே சுடர்களின் வரிசை வளைந்து மேலே போகும். டயருக்கு அடியில் சரளை நெரியும் ஓசை மட்டும் கேட்கும். மூச்சிரைக்க ஏறுகிறவர் இதில் எதையும் பார்ப்பதில்லை.

அடுத்தது சைக்கிள். 1987க்கு முன் செய்யப்பட்ட சாலைச் சைக்கிள், சைக்கிள் சட்டகத்தின் கீழ்க்குழாயில் பொருத்திய கியர் நெம்புகோல்கள், கால்விரல்களைச் செருகும் கூடும் இறுக்கும் தோல்வாரும் உள்ள பெடல்கள், ஹேண்டில்பார் பட்டைக்குள் மறையாமல் வெளியே வளைந்து வரும் பிரேக் கம்பிகள் – அடிப்படை விதி இதுதான். அந்த ஆண்டு ஏதோ தோன்றியபடி குறித்ததல்ல. சொடுக்கிச் சொடுக்கி மாறும் கியரும், காலணியைப் பூட்டிக்கொள்ளும் பெடலும் பரவத் தொடங்கியது 1980களின் நடுவில்தான். அதற்கு முந்தைய உலகத்தை விதி அப்படியே பிடித்துவைக்கிறது.

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு பளபளப்பான பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, துடைத்து, பெட்டியில் கட்டி எடுத்துப்போகிறார்கள். பெயிண்ட் மின்னும்; ஆனால் பிரேக் கட்டை முப்பது ஆண்டுகளாக இறுகிக் கல்லாகியிருக்கும். ரிம்மில் ஒட்டும் குழல் டயராக இருந்தால் பசை காய்ந்து, வளைவில் டயர் கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. பிரேக் கட்டை, கம்பிகள், டயர், செயின் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். விதி கேட்பது பழைய அமைப்பைத்தான், பழைய ரப்பரை அல்ல. குறைந்தது மூன்று மாதமாவது அதே சைக்கிளில் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். காயோலேயில் அந்த நாட்களில் பழைய உதிரிபாகச் சந்தை கூடும் என்பது உண்மை. ஆனால் அங்கே கிடைக்கும் என்று நம்பி எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி கியர். மிக அதிகமானோரைக் கீழே இறக்கி நடக்கவைப்பது இதுதான். 1970களின் இத்தாலியப் பந்தயச் சைக்கிளில் முன்னால் சிறிய பல்சக்கரமே 42 பல். பின்னால் பெரியது பெரும்பாலும் 24 பல். ஒரு முறை பெடல் சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 3.7 மீட்டர் முன்னே போக வேண்டும். மலை ஏற்றத்துக்கென்று பல்சக்கரம் அமைத்த இன்றைய சைக்கிளில் அதே சுற்றுக்கு இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். சமவெளியில் இந்த வேறுபாடு தெரியாது. செங்குத்தான சரளை ஏற்றத்தில் தெரியும். மிதிக்க முடியாமல் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பீர்கள், எழுந்ததும் பின்சக்கரத்தின் மேலிருந்த எடை முன்னே போய்விடும், சக்கரம் சரளையில் வெறுமனே சுழலும், சைக்கிள் நின்றுவிடும். பலர் இதற்குத் தங்கள் காலைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் குறை பல்லில் இருக்கிறது. பின்னால் 28 பல் உள்ள பல்சக்கரத் தொகுதியை மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பழைய கியர் மாற்றிகளில் பல 26 பல்லைத் தாண்டினாலே திணறும். ஆகவே கியர் மாற்றியையும் பார்த்து, அந்தக் காலத்து நீளக்கை உள்ளதாகத் தேடிப் போடுங்கள். ஏறும்போது உட்கார்ந்தே மிதியுங்கள்.

பழைய கியர் நெம்புகோலில் சொடுக்குச் சத்தம் கிடையாது. ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, முழங்கால் உயரத்துக்கு இறக்கி, செயின் உரசும் ஓசையைக் கேட்டுக் கேட்டு நெம்புகோலை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். பாரம் முழுவதும் பெடலில் இருக்கும்போது செயின் நகராது. ஏற்றத்துக்குள் நுழைந்த பிறகு கியர் தேடுகிறவர் ஒற்றைக் கையோடு தள்ளாடுவார். ஏற்றம் கண்ணில் படும்போதே மாற்றிவிடுவதுதான் சரி.

பெடலின் தோல்வாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கால் பிடிப்பாக இருக்கட்டும் என்று இரண்டு வார்களையும் இறுக்கிக்கொள்கிறார்கள். சக்கரம் வழுக்கி நிற்கும் அந்த ஒரு நொடியில் கையைக் கீழே விட்டு வாரைத் தளர்த்த நேரம் இருக்காது. ஆள் சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்வார். கடினமான ஏற்றத்துக்கு முன்னும், ஊருக்குள் நுழையும் முன்னும் ஒரு வாரையாவது தளர்த்தி வையுங்கள்.

இறக்கங்களில் வேறு வகைத் தவறு. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்துகிறார்கள். சரளையில் அது முன்சக்கரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். பழைய பிரேக்கை ஹேண்டில்பாரின் மேலிருந்து பிடித்தால் பிடி போதாது. கைகள் கீழ்வளைவில் இருந்தால்தான் வலுவாகப் பிடிக்கும். சரளை சாலையின் நடுவிலும் ஓரத்திலும் குவிந்திருக்கும்; கார்ச் சக்கரங்கள் அழுத்திய தடம்தான் கெட்டியானது. அதிலேயே போங்கள். ஆனால் கார்களும் வரும், சாலைகளை இந்த நிகழ்ச்சிக்காக மூடுவதில்லை. டயரைக் கல் போல இறுக்கிக் காற்றடிக்காதீர்கள். சைக்கிள் சட்டகத்தில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் அகல டயர் நல்லது. உதிரி டியூப் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

பாதைகள் பல உண்டு. மிக நீளமானது 209 கிலோமீட்டர். ஏறத்தாழ பாதி வெள்ளைச் சாலை, மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கும் மேல். தார்ச்சாலையில் 200 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன் என்ற நம்பிக்கையில் இதைத் தேர்ந்தெடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். அஷானோ ஊருக்கு அருகில் வரும் மோந்தே சாந்தே மரியே சாலை, ஸ்த்ராதே பியான்கேயை மூன்று முறை வென்ற கான்செல்லாராவின் பெயர் சூட்டப்பட்ட பகுதி. நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்துக் களைத்த பிறகுதான் அது வருகிறது. முதல் முறை போகிறவர்கள் குறுகிய பாதையை எடுத்தால் இழப்பு ஒன்றும் இல்லை. நீண்ட பாதைக்கு ஆண்டு முழுவதும் வழிப்பலகைகள் இருக்கின்றன. சில நாட்கள் முன்னதாகப் போய் ஒரு பகுதியை ஓட்டிப் பார்க்கலாம்.

உணவு நிறுத்தங்களில் சக்திப் பாக்கெட்டுகளை மட்டும் நம்பி வந்தவர்கள், பழைய ரொட்டியும் பீன்ஸும் கருங்கீரையும் சேர்த்துக் காய்ச்சிய ரிபொல்லித்தாவைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியும், சலாமியும், கியாந்தி மதுவும் இருக்கும். நின்று சாப்பிடுங்கள். மதுவை மட்டும் ஒரு வாய் அளவில் வையுங்கள், இறக்கம் காத்திருக்கிறது.

மருத்துவச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். அமைப்பாளர் தரும் படிவத்திலேயே உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தங்கும் அறையும் அப்படித்தான், ஊர் சிறியது.

அங்கே அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் உதிக்க ஏழு மணி தாண்டிவிடும். நீண்ட பாதைக்காரர்களுக்கு முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் வேண்டும். விடிந்ததும் அதை அணைத்து, சட்டைப்பையில் பத்திரமாக வையுங்கள். மெதுவாகப் போகிறவர்கள் காயோலேக்குத் திரும்பும்போது மீண்டும் இருட்டியிருக்கும்.